ஞாயிற்றுக்கிழமை வலி

மாதா கோயிலில் பூசை முடிந்து கூட்டம் கலைகிற நேரம். தெருவில் பைக்குகளின் சத்தம். வீடுகளிலிருந்து ஆட்டுக்கறி கொதிக்கிற வாசனை. தேய்த்த வெள்ளைச் சட்டையும் அதில் கோயில் சாம்பிராணி மணமுமாக ஒருவர் என் அறைக்குள் வந்தார். வலது கையை இடது கையால் ஏந்தியிருந்தார், கைக்குழந்தையைத் தூக்கி வருகிறவரைப் போல.

“ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டரம்மா. தோளு கழண்டு விழுத மாதிரி வலிக்கி.”

அவர் பெயர் லூர்து என்று வைத்துக்கொள்வோம். சங்கு குளிக்கிறவர். முப்பதைத் தாண்டிய வயது. கடலுக்குள் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு வரும் சிவந்த கண், அகன்ற நெஞ்சு. அவர் உட்கார்ந்ததும் என் நாற்காலி சின்னதாகிவிட்டது.

தோளைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை. கையைத் தூக்கி, மடக்கி, சுழற்றிப் பார்த்தேன். மூட்டு ஒழுங்காகத்தான் இருந்தது. அடிபட்டதா என்றால் இல்லை. காய்ச்சல் உண்டா என்றால் இல்லை. சரி, பாரம் தூக்கியதில் பிசகியிருக்கும் என்று நினைத்து ஊசி போட்டு அனுப்பினேன்.

அவர் வாசலைத் தாண்டியதும் என் நர்ஸ் ரீத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் லூர்துவின் தெருக்காரிதான்.

“என்னளா சிரிப்பு?”

“இவருக்கு ஞாயித்துக்கிழமைதான் வலிக்கும் டாக்டரம்மா. வாரத்துல மத்த நாளெல்லாம் நல்லாத்தான் திரியுதாரு. பூசையில பாதியில எந்திச்சு வெளிய வந்துருவாரு. சாமியாரு பிரசங்கத்துக்குப் பயந்துதான் இந்த வலின்னு எங்க தெருவே கேலி பண்ணுது.”

நானும் சேர்ந்து சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற வலியைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ரேடியோவுக்குப் பூட்டு

லூர்துவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு என் கதைக்கு வருகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் மருத்துவக் கல்லூரி விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதி, கூடப் படித்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘சாம்பாரை விடு, நீ எதுக்கு டாக்டருக்குப் படிச்சே? அதை எழுது’ என்றாள் ஒருத்தி. எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சாத்தான்குளத்தில் கருப்பட்டி வியாபாரம். கடை வழியாக ஊர் டாக்டர் நடந்து போனால், எடை போட்டுக்கொண்டிருக்கும் அண்ணாச்சிகள் எல்லாம் தராசை விட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். அப்பா அதைத் தினமும் பார்த்தார். நம் வீட்டிலும் ஒரு ஆள் நடந்தால் கடைத்தெரு எழுந்திருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. ஆகவே நான்.

என் காரணம் வேறு. அதை அப்பாவிடம் சொன்னதில்லை. எனக்குப் பிறத்தியார் சங்கதி தெரிந்துகொள்வதில் அப்படியொரு ருசி. யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை, எந்தப் பெண் ஏன் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. சின்ன வயதில் எனக்குப் பட்டப்பெயர் ரேடியோ. ஊர் டாக்டரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது அவருக்குக் கிடைத்த மரியாதைக்காக இல்லை. எல்லார் வீட்டு ரகசியமும் தானாக அவரிடம் நடந்து வருகிறதே என்றுதான்.

டாக்டரும் ஆனேன். ரகசியங்களும் நடந்து வந்தன. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று கூடவே ஒரு பூட்டையும் போட்டுவிட்டார்கள். என்னைப் போன்ற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. என் கணவர் இன்றைக்கும் சொல்வார், ‘இவ டாக்டரானதுல ஊருக்கு என்ன லாபம்னு தெரியாது, இவ வாய் அடங்கினது எனக்கு லாபம்’ என்று.

மரியாதையும் அப்பா நினைத்த விதத்தில் வரவில்லை. ஏரல் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் இமையைக் கீழே இழுத்துக் காட்டி, ‘காமாலை இருக்கான்னு பாருங்கம்மா’ என்பார். கல்யாணப் பந்தியில் நான் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது எதிர் வரிசை மாமா நாக்கை நீட்டுவார். கடைத்தெரு எழுந்து நிற்கவில்லை. கடைத்தெரு என்னைப் பிடித்து நிறுத்தியது.

கோபம் வரும்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாரும் பார்க்காத ஒரு இடத்தை ஒரு மனிதர் நம்பி என்னிடம் காட்டுகிறார் என்றால், அந்த நிமிஷம் எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்காரும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது மழுங்கவில்லை. இந்த வேலையை நான் விடாமல் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

சோடா பாட்டில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் லூர்து வந்தார். இந்தத் தடவை தோளோடு இடது இடுப்பும் வலித்தது.

ரீத்தா ஊசியை எடுத்துவிட்டாள். நான் அவளை நிறுத்தச் சொன்னேன். அவளுடைய கேலி ஒரு வாரமாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

“லூர்து, மத்த நாள் வலி இல்லவே இல்லையா?”

“சாயங்காலம் கொஞ்சம் இருக்கும். காலையில கடலுக்குள்ள எறங்குனேன்னா போயிரும்.”

“போயிரும்னா?”

“கீழ போகப் போக, கையால எடுத்துப் போட்ட மாதிரி போயிரும் டாக்டரம்மா. கடல் வாங்கிக்கிடும்.”

“ஞாயிற்றுக்கிழமை?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டோம்லா.”

அவ்வளவுதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தக் கரையில் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்க மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாளில் தெருவே வீட்டில் இருக்கும் என்பதால்தான் நான் கிளினிக்கைத் திறந்து வைப்பதே. தெரிந்த விஷயத்துக்கும் இந்தத் தோளுக்கும் முடிச்சு இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

சங்கு குளிக்கிறவர்கள் இப்போது பழைய காலம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவதில்லை. வள்ளத்தில் மோட்டார் ஓடும். அது நீளமான குழாய் வழியாகக் காற்றை அனுப்பும். அதை வாயில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கடலடியில் இருப்பார்கள். அந்த ஆழத்தின் அழுத்தத்தில், சுவாசிக்கிற காற்று ரத்தத்தில் கூடுதலாகக் கரையும். வேகமாக மேலே வந்தால் அதே காற்று குமிழியாகப் பொங்கும்.

“சோடா பாட்டிலை உடைச்சா பொங்குமே, அதுபோல உங்க ரத்தத்துல பொங்குது,” என்று லூர்துவிடம் சொன்னேன். “குமிழி மூட்டுல போய் நிக்குது. திரும்பவும் கீழே போனா அழுத்தத்துல சுருங்கிடுது, வலி போயிடுது. ஆனா அங்க இருக்கிற நேரமெல்லாம் இன்னும் காற்று ஏறுது. கடல் உங்க வலியை வாங்கல. மறைச்சு வச்சிட்டு, கூடுதலாத் திருப்பித் தருது.”

அவர் யோசித்தார். “அப்போ நெசமாவே நோயா? நான் நடிக்கல?”

“நடிக்கல.”

முகத்தில் அப்படியொரு நிம்மதி. தெருவெல்லாம் சிரித்துச் சிரித்து, அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்திருக்கிறது.

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்க மாட்டேன். நோய் பிடிபடும்போது டாக்டருக்கு வருகிற சந்தோஷம் கொஞ்சம் வெட்கங்கெட்டது, எதிரே இருப்பவர் வலியில் இருப்பார். அதற்கு மேல்தான் கவலை வந்தது. மூட்டில் நிற்கிற குமிழி ஒருநாள் முதுகுத்தண்டில் நின்றால் மனிதரால் நடக்க முடியாது. கடலை விட வேண்டும் என்றேன். இதற்கென்று அழுத்த அறை வைத்திருக்கிற ஆஸ்பத்திரி தூரத்து ஊரில் இருக்கிறது, உடனே போய்க் காட்ட வேண்டும் என்றேன்.

லூர்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“கீழ போயிட்டா ஒரு சத்தம் கெடையாது டாக்டரம்மா. எம் மூச்சு மட்டும் கேக்கும். சங்கு மண்ணுக்குள்ள பொதஞ்சுதான் கெடக்கும். ஆனா அது நகந்து போன தடம் தெரியும், கோடு மாதிரி. அந்தக் கோட்டப் புடிச்சுக்கிட்டே போய், இங்கனதான்னு கையப் போடும்போது...”

முடிக்காமல் நிறுத்திவிட்டார். அவர் முடிக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எனக்கு உடம்பு சிலிர்த்ததும் அதே மாதிரிதானே. என்னைக் கூப்பிட்டு நாளையிலிருந்து நோயாளியைத் தொடாதே என்றால் நான் கேட்பேனா?

“யோசிக்கேன். ஆனா வீட்டுல சொல்லிராதீங்க. ஜெசிந்தாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே என் குழாயை அறுத்துப் போட்டுருவா. அவ அப்பா உசிரு கடல்லதான் போச்சு. சூசை மச்சானுக்கும் தெரியக் கூடாது. சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுன மாதிரி நெனச்சுக்கிடுங்க.”

தலையை ஆட்டினேன்.

மச்சான் கைக் கயிறு

சூசை யார் என்று சொல்லிவிட வேண்டும். ஜெசிந்தாவின் அண்ணன். லூர்து கீழே இருக்கும்போது வள்ளத்தில் உட்கார்ந்து குழாயைப் பிடித்திருப்பவர் அவர்தான்.

அது இந்தக் கரையின் பழைய வழக்கம். முத்துக்குளித்த காலத்தில் இடுப்பில் கயிற்றோடு குதிப்பார்கள். மேலே அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி கூடக் கண் அசந்துவிடலாம், தன் தங்கை தாலி அறுப்பதற்கு எந்த மச்சானும் விட மாட்டான் என்று கணக்கு. முத்துக்குளிப்பு எப்போதோ நின்றுவிட்டது. கயிறு போய்க் குழாய் வந்துவிட்டது. ஆனாலும் குழாயைத் தொடுகிற கை மாறவில்லை. மச்சான் பிடித்த குழாயை அவன் சொல்லாமல் வேறு யாரும் தொடுவது கிடையாது.

இதை எனக்கு முதலில் சொன்னது ரீத்தா. அப்போது நான் கேட்டேன், மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை வந்தால் என்ன செய்வார்கள் என்று. ‘சண்டையெல்லாம் கரையிலதான் டாக்டரம்மா’ என்றாள்.

அந்த வாரத்தின் நடுவில் ஜெசிந்தா வந்தாள். மகளுக்குச் சளி. குழந்தையின் நெஞ்சில் நான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு என்ன டாக்டரம்மா?”

“என்ன?”

“ரெண்டு வாரமா உங்ககிட்ட வாராரு. கேட்டா சுளுக்குங்காரு. சுளுக்குக்கு மூஞ்சி அப்படிப் போகாது. நீங்க சொல்லுங்க.”

நல்ல பெண். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அன்றைக்குச் சிரிக்கவில்லை. “அதை அவர்ட்ட கேளும்மா,” என்றேன். அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பழைய ரேடியோ எனக்குள் கத்திக்கொண்டிருந்தது. சளி மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஒற்றைச் செருப்பு

மறு ஞாயிற்றுக்கிழமை லூர்து வந்தபோது காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

வலது காலில் செருப்பு. இடது கால் வெறுங்கால். வெயிலில் தார் ரோடு கொதிக்கிற நேரம். அந்த ரோட்டில்தான் கோயிலிலிருந்து நடந்து வந்திருக்கிறார்.

“இன்னொரு செருப்பு எங்க?”

குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. “அடடா, கோயில்ல போட்டுட்டு வந்துட்டேன் போலுக்கு,” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பஞ்சால் தொடும்போது சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவருடைய இடது பாதத்தில் தடவினேன். உள்ளங்காலில், விரலிடுக்கில், குதிகாலில். அவர் கண்ணை மூடியபடி அமைதியாகப் படுத்திருந்தார்.

“தொடுங்க டாக்டரம்மா,” என்றார்.

ரீத்தா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். முந்தின நாளும் கடலில் இறங்கினாரா என்று கேட்டேன். இறங்கியிருக்கிறார். வாரம் முழுக்க இறங்கியிருக்கிறார். இப்போதே காரை வரச் சொல்கிறேன், நேராக அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன்.

“நாளைக்கு ஒரு தரம் கீழ போயிட்டு வந்துருதேன் டாக்டரம்மா. கீழ போனா காலும் சரியாயிரும். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். இப்போதைக்கு ஒரு ஊசி மட்டும்...”

அதுவரை நோயாளிகளிடம் நான் டவுன் தமிழ்தான் பேசி வந்தேன். நாற்காலியை விட்டு எழுந்தபோது வாயில் சாத்தான்குளம் வந்துவிட்டது.

“ஏலே லூர்து! கால் செத்துக்கிட்டு வருது, உனக்கு ஊசி கேக்கா? நாளைக்கு எறங்குனா உன்னத் தூக்கிட்டுத்தான் கரைக்கு வருவாங்க. ஊசி போடமாட்டேன். வலிச்சாவது நீ வீட்டுல கெட!”

அவர் எழுந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“சரி டாக்டரம்மா. நீங்க யார்ட்டயும் சொல்லமாட்டீங்கல்லா?”

“சொல்லமாட்டேன். நீ சொல்லு. உன் மச்சான்ட்ட சொல்லு.”

ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போனார். ஊசியை வேறு எங்காவது போட்டுக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

செருப்போடு வந்தவர்

அன்று சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில் சூசை வந்தார். அதற்கு முன் அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஒல்லியான மனிதர், குழாய் பிடித்துக் காய்ப்பேறிய கை. அந்தக் கையில் ஒரு இடது கால் செருப்பு.

“இது எங்க மச்சான் செருப்பு. கோயில் படிக்கட்டுல கெடந்துச்சு. அவரு ஒத்தச் செருப்போட வீடு வந்து சேந்துருக்காரு. கேட்டா மறந்துட்டேங்காரு. ரெண்டு செருப்ப மறந்தா சரி. ஒத்தச் செருப்ப எவனாவது மறப்பானா?”

நான் மேசையில் கிடந்த மருந்துச் சீட்டுகளை அடுக்கினேன்.

“கீழ அவரு எப்படி இருக்காருன்னு எனக்குக் குழாய் சொல்லிரும் டாக்டரம்மா. மேல எப்படி இருக்காருன்னு நீங்கதான் சொல்லணும். நாளைக்குக் காலையில அவரை எறக்கலாமா, கூடாதா?”

ஒரே ஒரு சொல். ‘கூடாது’ என்று சொன்னால் போதும். அந்தக் கால் பிழைத்துவிடும். சொன்னால் லூர்து இனி எந்த டாக்டரிடமும் உண்மையைச் சொல்ல மாட்டார். அவர் மட்டுமல்ல, தெருவில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அடுத்து எவனுக்காவது கால் மரத்தால் என்னிடம் வராமல் நேராகக் கடலுக்குத்தான் போவான். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் அந்தச் செருப்பை வைத்துக்கொண்டு ஒரு அண்ணன் நிற்கும்போது நியாயம் மிகவும் ஒல்லியாகத் தெரிந்தது.

ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று பொய் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

“சூசை, நான் சொல்ல முடியாது. அவர் வாயாலதான் நீங்க கேட்கணும்.”

“என் தங்கச்சி வாழ்க்கை டாக்டரம்மா.”

“தெரியும்.”

அவர் செருப்பைச் சட்டையில் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரீத்தா ஊசித் தட்டுகளைக் கழுவினாள், தேவைக்கு மேல் சத்தத்தோடு. நான் லூர்துவுக்குப் போன் செய்தேன். எடுத்தார்.

“உன் மச்சான் இங்க வந்திருந்தார். நான் ஒண்ணும் சொல்லல,” என்றேன். “நாளைக்குக் காலையில குழாயை அவர் கையில குடுப்பேல்லா, அப்போ அவர் மூஞ்சியப் பாத்துக் குடு. நல்லா இருக்கிற ஆளத்தான் பிடிச்சிருக்கோம்னு நம்பி உக்காந்திருக்கிற மனுஷனுக்கு, எதைப் பிடிச்சிருக்கோம்னு தெரிய வேண்டாமா?”

மறுமுனையில் குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார்.

திங்கள்கிழமை

மறுநாள் காலை எனக்கு எதுவும் ஓடவில்லை. ஒரு பாட்டிக்கு இருமல் மருந்துக்குப் பதிலாகக் கண் மருந்து எழுதப் போனேன், ரீத்தா பிடித்துக்கொண்டாள். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். தூக்கிக்கொண்டு வருவார்களா என்றுதான் பார்த்தேன்.

பத்து மணி வாக்கில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் சூசை இறங்கினார். பிறகு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு லூர்து. கடலுக்குப் போகிற அரைக்கால் சட்டை. ஆனால் தலைமுடி நனைந்திருக்கவில்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான். உடம்பில் ஈரமே இல்லை.

இரண்டு காலிலும் செருப்பு. இடது கால் செருப்பைத் தூண்டில் நரம்பு வைத்துக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

சூசைதான் பேசினார்.

“கரைய விட்டு ரொம்ப தூரம் போயாச்சு டாக்டரம்மா. மோட்டாரு ஓடுது. குழாய வாயில வச்சுட்டாரு. மறுபக்கத்த எங் கையில தந்தாரு. தந்துட்டு என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. என்ன மச்சான்னேன். குழாய வாயிலருந்து எடுத்துட்டு, ‘மச்சான், எனக்கு எடது காலு இல்ல’ன்னாரு. நான் குழாயக் கீழ வச்சுட்டேன்.”

“வள்ளத்துல மத்தவங்க?”

“நான் கீழ வச்சத எவன் தொடுவான்?”

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே ஆக்சிஜனோடு காரில் ஏற்றி அனுப்பினோம். அழுத்த அறையில் வைத்துப் பல நாள் வைத்தியம் பார்த்தார்கள். கால் திரும்பி வந்தது. கடைசி இரண்டு விரலில் மட்டும் இன்னும் முழு உணர்ச்சி இல்லை. லூர்து இப்போது துறைமுகத்தில் கப்பலை இழுத்து வருகிற இழுவைப் படகில் வேலை பார்க்கிறார். தண்ணீருக்கு மேலேதான், உள்ளே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வேலை செய்வது கஷ்டமாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். இருக்கும்தான்.

இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எம் பேர மாத்திருங்க. செருப்ப மாத்தாதீங்க,” என்றார்.

ஜெசிந்தா என்னோடு வெகுநாள் பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து, உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்: “அவரு சொல்லாம எறங்கியிருந்தா, காலு போயிருந்தா, அப்பவும் நீங்க வாயத் திறந்திருக்க மாட்டீங்க, அப்படித்தான?”

அப்படித்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவளை உட்காரச் சொன்னேன். கொஞ்சம் கழித்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தேநீர் குடித்தோம். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், அவர்களிடமும் இருக்கட்டும்.

ஆனால் நான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அந்தத் திங்கள்கிழமைக்காகத்தான்.

சூசை சொல்லி முடித்தார். லூர்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டிருந்தார். ரீத்தா காருக்குப் போன் செய்ய ஓடினாள். நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு, யார் வந்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

“என்ன செய்யுது?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பல் தெரியச் சிரிக்கப் பார்த்தார், வலியில் முகம் கோணிவிட்டது.

“இன்னைக்குத் திங்கக்கிழமை டாக்டரம்மா,” என்றார். “வலிக்கி.”

என் ஆயுளில் எத்தனையோ பேர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டதும் சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது அந்த ஒரு தடவைதான்.

“நல்லா வலிக்கட்டும்லே,” என்றேன்.

சூசை என்னைத் திகைத்துப் போய்ப் பார்த்தார். லூர்து மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.